அவ்வை டி.கே. சண்முகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ராயப்பேட்டைப் பக்கம் ஒரு சாலைக்கு அவ்வை சண்முகம் பெயர் இருக்கிறது. பழைய ஆட்களுக்கு அது லாயிட்ஸ் ரோடு. பலகையைப் பார்க்கும் இளைஞர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கமல்ஹாசன் படம்தான். அந்தப் படத் தலைப்புக்கும் சாலைக்கும் பின்னால் இருக்கும் மனிதர் ஒருவரே. 55 ஆண்டுக் காலம் தமிழ் நாடகத்தோடு வாழ்ந்தவர். அவரைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சிலவற்றுக்குப் பதில் நீண்டுவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

டி.கே. சண்முகம் யார்? ஒரு மூச்சில் சொல்ல முடியுமா?

1912 ஏப்ரல் 26 அன்று திருவனந்தபுரத்தில் பிறந்தார். 1918-ல், ஆறு வயதில், நாடக மேடை ஏறினார். 1973 பிப்ரவரி 15 அன்று காலமானார். நடுவில் நடிகர், பாடகர், நாடகக் கம்பெனி நடத்தியவர், எழுத்தாளர், மேலவை உறுப்பினர் என்று பல பாத்திரங்கள். இதில் எதுவும் நாடகத்தைவிட்டு விலகிப் போய்ச் செய்ததல்ல.

'டி.கே.' என்றால் என்ன? டி.கே.எஸ். சகோதரர்கள் என்பது யார் யார்?

'டி' திருவனந்தபுரம், 'கே' அப்பா கண்ணுசாமி பிள்ளை. அப்பாவும் நாடக நடிகர்தான், பெண் வேடத்தில் பேர் வாங்கியவர். சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி என்று நான்கு பிள்ளைகள். நால்வருமே நாடகத்துக்கு வந்தார்கள். 'டி.கே.எஸ். சகோதரர்கள்' என்றால் இந்த நால்வரும் சேர்ந்துதான்.

வேலையும் அவர்களுக்குள் ஒருவிதமாகப் பிரிந்துவிட்டது. மூத்தவர் சங்கரன் நிர்வாகம், முத்துசாமி எழுத்து, சண்முகமும் பகவதியும் மேடை. ஒரு கூட்டுக் குடும்பம் அப்படியே ஒரு கம்பெனியாக மாறினால் எப்படி இருக்குமோ அப்படி. அந்தக் காலத்து நாடகக் கம்பெனிகள் பெரும்பாலும் ஒரே முதலாளியின் கைக்குள் இருந்து, அவர் நொடித்துப்போனால் கூடவே நொடித்துப்போயின. இவர்கள் கம்பெனி பல ஆண்டுகள் தாக்குப்பிடித்ததற்கு இந்த அண்ணன் தம்பி ஏற்பாடு ஒரு முக்கியக் காரணம் என்று எனக்குத் தோன்றும்.

ஆறு வயதுப் பிள்ளையை நாடகத்தில் சேர்த்தது எப்படி? அப்போது அது வழக்கமா?

அப்போது அதற்கென்றே 'பாய்ஸ் கம்பெனி'கள் இருந்தன. தமிழில் பாலர் சபா என்பார்கள். சிறுவர்களை மட்டும் வைத்து நாடகம் போடும் குழுக்கள். ராஜபார்ட் (நாயக வேடம்), ஸ்திரீபார்ட் (பெண் வேடம்), பபூன் (கோமாளி) எல்லாமே பிள்ளைகள்தான். ராவணனுக்கும் பத்து வயது இருக்கும், மண்டோதரிக்கும் பத்து வயது இருக்கும்.

இது ஏன் வந்தது என்று பார்க்க வேண்டும். அன்றைக்குப் பெரியவர்களை வைத்து நாடகம் நடத்துவது பெரிய தலைவலி. பேர் பெற்ற நடிகர் நேரத்துக்கு வரமாட்டார். வந்தாலும் எழுதியிருப்பதைப் பேசமாட்டார். மேடையிலேயே எதிர்நடிகரை மடக்கிக் கேள்வி கேட்டுத் தர்க்கம் பண்ணுவார். ஹார்மோனியக்காரர் தன் வித்தையைக் காட்ட ஆரம்பித்தால் கதை அப்படியே நின்றுவிடும். வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியாக வரவழைக்கப்பட்ட நடிகர்கள், ஒத்திகையே இல்லாமல் அன்றிரவு ஒன்றாக மேடையேறுவார்கள். இதற்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். இதில் அலாதியான சுவை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நாடக ஆசிரியர் எழுதியது எழுதியபடி மேடைக்கு வருவது அபூர்வம்.

இதைப் பார்த்துச் சலித்துப்போன நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள், பிள்ளைகளைப் பிடித்துப் பழக்கினால்தான் சரிப்படும் என்று முடிவு செய்தார். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். கண்ணுசாமி பிள்ளை தன் பிள்ளைகளை அங்கே சேர்த்தார். சத்தியவான் சாவித்திரியில் நாரதர் வேடம் சின்னச் சண்முகத்துக்குக் கிடைத்தது. பின்னால் சினிமாவில் பாடி நடித்துப் பெரும் புகழ் பெற்ற பி.யு. சின்னப்பாவும் இந்தச் சபையில் இருந்தவர்தான்.

பாய்ஸ் கம்பெனியில் பிள்ளைகள் என்ன கற்றார்கள்? பள்ளிக்கூடம் கிடையாதா?

கம்பெனிதான் பள்ளிக்கூடம், விடுதி, வீடு எல்லாம். சாப்பாடும் தங்குமிடமும் அங்கேயே. வாத்தியார் பாடம் சொல்வார், பிள்ளைகள் திருப்பிச் சொல்லி நெட்டுருப் போடுவார்கள். வசனம் சொல்லும்போது ல, ள, ழ தப்பினால் அடி விழும். அப்புறம் பாட்டு. தாளம் விடாமல் நடக்க, திரும்ப, கை காட்டப் பழக்குவார்கள். இரவு நாடகம் விடியும்வரை போகும். பகலில் தூக்கம், பிறகு ஒத்திகை.

இந்த வாழ்க்கையை இன்று திரும்பிப் பார்த்து இனிப்பாக மட்டும் சொல்ல எனக்கு மனமில்லை. அம்மாவைப் பிரிந்து, ஊர் ஊராகச் சுற்றி, இரவெல்லாம் விழித்துச் சம்பாதித்த குழந்தைகள் அவர்கள். இன்றைய சட்டப்படி அது குழந்தைத் தொழில். அதே சமயம், சண்முகத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் வரும் 'எந்த வேடம் கொடுத்தாலும் செய்வார்' என்ற பேச்சுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அன்றிரவு அந்த வேடத்தை இன்னொரு பிள்ளை போட்டே ஆக வேண்டும். அதனால் தன் வசனத்தோடு அடுத்தவன் வசனமும் மனப்பாடமாக இருக்கும். இன்று அரசன், நாளை அவன் மனைவி, மறுநாள் காவல்காரன். பத்து வருடம் இப்படி வளர்ந்தவனுக்கு 'இது என் மாதிரி வேடம், அது என் மாதிரி இல்லை' என்ற எண்ணமே வராது.

சங்கரதாஸ் சுவாமிகள் அவருக்காக ஒரே இரவில் நாடகம் எழுதினார் என்பது உண்மையா?

சண்முகமே எழுதியிருக்கிறார். நாடகத்தின் பெயர் அபிமன்யு சுந்தரி. இந்தப் பையனை அபிமன்யுவாக வைத்து ஒரு நாடகம் போட வேண்டும் என்று சுவாமிகளுக்குத் தோன்றியது. இரவு விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். விடிவதற்குள் பாட்டு, வசனம் எல்லாம் சேர்ந்து முழு நாடகமும் முடிந்திருந்தது.

கேட்பதற்கு மிகைபோல இருக்கும். ஆனால் சுவாமிகள் எழுதும் முறையை நினைத்தால் நம்ப முடிகிறது. வெண்பா, விருத்தம், சந்தம் எல்லாம் அவருக்கு நாக்கு நுனியில் நின்றவை. ஏறக்குறைய 40 நாடகங்கள் எழுதியவர். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் எல்லாம் அவர் கையிலிருந்து வந்தவை. தென் மாவட்டத் திருவிழாக்களில் இன்னும் அவைதான் ஓடுகின்றன. பாரதக் கதை, ராமாயணக் கதை முழுவதும் மனதில் ஓடிக்கொண்டிருக்கும் ஒருவர் ஒரு ராத்திரியில் அபிமன்யுவை எழுதுவது நடக்கக்கூடியதே.

சுவாமிகளைப் பற்றி இன்னொரு கதையும் உண்டு. இளமையில் எமன், சனீஸ்வரன் போன்ற வேடங்களில் அவர் நடித்தபோது, பார்த்தவர்கள் அரண்டுபோனார்களாம். எமனைப் பார்த்த பயத்தில் கூட்டத்திலிருந்த ஒரு பெண்ணுக்குக் கரு கலைந்துவிட்டதாகவும், அதன்பிறகு அவர் நடிப்பதையே விட்டுவிட்டதாகவும் சொல்வார்கள். அது எவ்வளவு உண்மையோ, நடிப்பின் பலம் பற்றி அந்தக் கம்பெனிப் பிள்ளைகள் எப்படிப்பட்ட கதைகளைக் கேட்டு வளர்ந்தார்கள் என்பதாவது தெரிகிறது.

கடைசிக் காலத்தில் சுவாமிகளுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. ஆயிரக்கணக்கான வசனம் எழுதியவருக்கு! 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் இறந்தார். சண்முகத்துக்கு அப்போது வயது பத்து.

குரல் உடைந்தபோது என்ன செய்தார்?

நாடகக்காரர்கள் இதை 'மகரக்கட்டு உடைவது' என்பார்கள். பிள்ளைக் குரல் போய் ஆண் குரல் வரும் காலம். பாய்ஸ் கம்பெனிப் பையனுக்கு இதைவிடப் பெரிய கண்டம் கிடையாது. மைக் இல்லாத காலம், கொட்டகையின் கடைசி வரிசைவரை பாட்டு போய்ச் சேர வேண்டும். நேற்றுவரை கம்பிபோல் மேலே போன குரல் இன்று கரகரக்கிறது. கூட்டம் சிரிக்கிறது. பல பிள்ளைகளின் மேடை வாழ்க்கை அந்த ஒரு வருடத்தில் முடிந்திருக்கிறது.

பாட்டை மட்டும் நம்பியவர்களுக்குத்தான் இந்த அடி பலமாக விழுந்தது. சண்முகத்துக்குக் கைகொடுத்தது பேச்சு. அவர் காலத்தில் நாடகமும் மெல்லப் பாட்டிலிருந்து வசனத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தது அவருக்கு அதிர்ஷ்டம்.

சொந்தக் கம்பெனி எப்போது தொடங்கினார்கள்?

1925-ல் திருவனந்தபுரத்தில், மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபா என்ற பெயரில். சண்முகத்துக்கு அப்போது பதின்மூன்று வயதுகூட ஆகவில்லை. கம்பெனி இருந்தது திருவனந்தபுரத்தில், பெயரில் மதுரை! அன்றைக்கு நாடகம் என்றால் மதுரை முத்திரை வேண்டும், அதனால்தான். பிற்பாடு இதுவே டி.கே.எஸ். நாடக சபா ஆனது.

இந்தக் கம்பெனியில் வேறு யாரெல்லாம் இருந்தார்கள்?

என்.எஸ். கிருஷ்ணன், எஸ்.வி. சகஸ்ரநாமம், கே.ஆர். ராமசாமி. இந்த மூன்று பெயர் போதும் என்று நினைக்கிறேன். கலைவாணர் நகைச்சுவையின் பள்ளிக்கூடம் இதுதான். சகஸ்ரநாமம் பிறகு சேவா ஸ்டேஜ் தொடங்கி நவீன நாடகத்தை இன்னொரு படி மேலே கொண்டுபோனார். கே.ஆர். ராமசாமி திராவிட இயக்க மேடையின் நட்சத்திரம் ஆனார். ஒரே சமையலில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் மூன்று திசைக்குப் போய் மூன்று விதமாகப் பேர் வாங்கினார்கள்.

புராண நாடகத்திலிருந்து சமூக நாடகத்துக்கு எப்படி வந்தார்கள்?

இதில் எம். கந்தசாமி முதலியாரின் பங்கு பெரிது. நடிகர் எம்.கே. ராதாவின் அப்பா. சுவாமிகளுக்குப் பிறகு பிள்ளைகளுக்கு வாத்தியாராக வந்தவர். அவர் வந்த பிறகு கிரீடமும் தோளணியும் பெட்டிக்குள் போய், கோட்டும் வேட்டியும் மேடைக்கு வந்தன. ஜே.ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் நாவல்கள் நாடகமாயின. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகங்களும் இந்தப் பிள்ளைகள் கைக்கு வந்தன. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் மேனகா பெரிய வெற்றி பெற்றது.

பார்ப்பவர்களுக்கு இது உடை மாற்றம் மட்டுமே. நடிகனுக்கு அது அடியோடு வேறு வேலை. ராஜபார்ட் மேடைக்கு வரும்போது பாடிக்கொண்டே வருவார், நடையே ஒரு தாளத்தில் இருக்கும். கூட்டத்தைப் பார்த்துப் பேசுவார். சமூக நாடகத்தில் ஒரு குமாஸ்தா ஆபீஸிலிருந்து வீட்டுக்கு வருகிறான். செருப்பைக் கழற்றுகிறான், மனைவியிடம் பேசுகிறான். பாடிக்கொண்டு உள்ளே வந்தால் சிரிப்பார்கள். குரலைக் குறைக்க வேண்டும், ஆனால் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும். கையைச் சும்மா வைத்திருக்கப் பழக வேண்டும். நடிகர்களைக் கேட்டுப் பாருங்கள், கையைச் சும்மா வைத்திருப்பதுதான் மேடையில் ஆகக் கடினமான காரியம் என்பார்கள்.

குமாஸ்தா என்று சும்மா சொல்லவில்லை. டி.கே. முத்துசாமி எழுதிய குமாஸ்தாவின் பெண் இவர்களுடைய புகழ்பெற்ற நாடகங்களில் ஒன்று. வங்க நாவல் ஒன்றைத் தழுவியது. 1941-ல் படமாகவும் வந்தது.

வெள்ளைக்காரன் காலத்தில் தேசிய நாடகம் போட்டார்களாமே?

போட்டார்கள். வெ. சாமிநாத சர்மா எழுதிய பாணபுரத்து வீரனுக்கு அரசின் தடை இருந்தது. அதை மாற்றி, 'தேசபக்தி' என்று பெயரிட்டு 1930-களின் தொடக்கத்தில் மேடையேற்றினார்கள். கதை நடப்பது என்னவோ ஒரு கற்பனை நாட்டில். கூட்டத்துக்கா புரியாது? பாரதியார் பாட்டு ஒலிக்கும்போது கொட்டகை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அன்று 1876-ஆம் ஆண்டு நாடகச் சட்டம் நடைமுறையில் இருந்தது. எந்த நாடகத்தையும் அரசு தடுத்து நிறுத்தலாம். எழுத்தைப் படித்து அனுமதி கொடுத்த அதிகாரிக்கு, மேடையில் அந்த வரியை நடிகன் எந்தத் தொனியில் சொல்வான் என்று தெரியாது. தேசிய நாடகக்காரர்கள் பிழைத்தது அந்த இடைவெளியில்தான்.

'அவ்வை' என்ற பட்டம் எப்படி வந்தது?

1942-ல் அவ்வையார் நாடகம் மேடையேறியது. எழுதியவர் பி. எதிராஜுலு. அவ்வையாராக நடித்தவர் சண்முகம். அப்போது அவருக்கு வயது முப்பது. கட்டிளங்காளை கூன் விழுந்த கிழவியாக வந்தார். அதற்குப்பிறகு அவர் எந்த வேடம் போட்டாலும் ஜனங்களுக்கு அவர் அவ்வை சண்முகம்தான். அரசர்கள், கவிஞர்கள், வீரர்கள் என்று எத்தனையோ வேடம் போட்ட ஒரு ஆண் நடிகரின் பெயருக்கு முன்னால் ஒரு பாட்டி வந்து உட்கார்ந்துகொண்டாள். கடைசிவரை இறங்கவே இல்லை.

அவ்வை கதை எல்லோருக்கும் தெரியும். கல்யாணம் வேண்டாம் என்று விநாயகரிடம் வேண்டி இளமையிலேயே முதுமையை வாங்கிக்கொண்ட பெண். அதியமான் கொடுத்த நெல்லிக்கனி. 'சுட்ட பழமா, சுடாத பழமா' என்று மரத்தின் மேலிருந்து கேட்ட மாட்டுக்காரப் பையன். புலவர்கள் சங்ககால அவ்வை வேறு, ஆத்திசூடி அவ்வை வேறு என்பார்கள். ஜனங்கள் மனதில் எல்லா அவ்வையும் சேர்ந்து ஒரே பாட்டிதான். மேடைக்கும் அந்தப் பாட்டிதான் வேண்டும்.

இந்த வேடத்தில் என்ன கஷ்டம் என்று யோசித்தால் அதன் அருமை தெரியும். முதுகை வளைத்தால் மூச்சு குறையும். மூச்சு குறைந்தால் பாட்டு நிற்காது. அவ்வையோ மூச்சுக்கு மூச்சு செய்யுள் சொல்கிறவள். தலை குனிந்தே இருந்தால் குரல் தரையில் விழும், முகமும் கூட்டத்துக்குத் தெரியாது. நிமிர்ந்துவிட்டால் கிழவி காணாமல் போய்விடுவாள். நடுங்கும் குரலில் பேச வேண்டும், ஆனால் வெண்பாவின் ஒரு அசைகூட நடுக்கத்தில் சிதறக் கூடாது. இத்தனையும் மூன்று நான்கு மணி நேரம், கோலை ஊன்றிக்கொண்டு. இதை வாரக்கணக்காக இரவுதோறும் செய்வதற்கு வெறும் ஒப்பனை போதாது.

ஆண்கள் பெண் வேடம் போடுவது அந்தக் காலத்தில் சாதாரணம்தானே? இவரிடம் என்ன புதுசு?

நல்ல கேள்வி. அவர் அப்பாவே ஸ்திரீபார்ட் நடிகர் என்று பார்த்தோம். ஆனால் ஸ்திரீபார்ட் என்றால் பொதுவாக அழகான இளம்பெண். வள்ளி, தமயந்தி, சுபத்திரை. பார்க்கிறவர் 'அடடா, பெண் மாதிரியே இருக்கிறானே' என்று வியக்க வேண்டும். அதுதான் அளவுகோல். கிழவி வேடம் என்றால் பெரும்பாலும் பபூன் பக்கம் போய்விடும், சிரிப்புக்காக.

சண்முகம் போட்டது இரண்டிலும் சேராது. அழகும் கிடையாது, கேலியும் கிடையாது. ஒரு வயதான பெண், அறிவால் மட்டுமே மூவேந்தர் சபையில் நிமிர்ந்து நிற்கிறவள். அவளை மரியாதையோடு, முழு நாடகத்தின் நாயகியாக ஒரு ஆண் நடித்தார். 1940-களில் பெண்கள் தாராளமாக மேடைக்கு வர ஆரம்பித்துவிட்டார்கள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஆண் பெண் வேடம் போட வேண்டிய கட்டாயம் குறைந்த காலத்தில் தேர்ந்து செய்தது இது.

கே.பி. சுந்தராம்பாள் நடித்த படமும் இந்த நாடகமும் ஒன்றா?

இல்லை. ஜெமினியின் அவ்வையார் படம் 1953-ல் வந்தது, அது தனி முயற்சி. சுந்தராம்பாளும் நாடக மேடையிலிருந்து வந்தவர்தான் என்பது கூடுதல் தகவல். தமிழர்கள் பலர் மனக்கண்ணில் அவ்வை முகம் என்றால் அவர் முகம்தான். நாடகம் பார்த்த தலைமுறைக்கு மட்டும் சண்முகத்தின் முகம்.

வேறு என்னென்ன நாடகங்கள்?

சிவலீலா பெரிய காட்சி நாடகம், மதுரையில் அதற்குக் கூட்டம் அலைமோதியது. கல்வியும் காதலும் கலந்த பில்ஹணன், ஏ.எஸ்.ஏ. சாமி எழுதியது. 1948-ல் அதையே படமாகவும் எடுத்தார்கள். நாரண துரைக்கண்ணனின் உயிரோவியம், கு.சா. கிருஷ்ணமூர்த்தியின் அந்தமான் கைதி, ப. நீலகண்டனின் முள்ளில் ரோஜா என்று அன்றைய புது எழுத்தாளர்களின் நாடகங்களையும் போட்டார்கள். 1955-ல் அரு. ராமநாதன் எழுதிய ராஜராஜ சோழன். இந்த நாடகம்தான் பிறகு சிவாஜி நடித்து 1973-ல் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாக வந்தது. சண்முகம் மறைந்ததும் அதே வருடம்.

இந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. வெற்றி பெற்ற புராண நாடகங்களை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் காலம் தள்ளியிருக்கலாம். கொட்டகை வாடகை, சீன் செலவு, நூறு பேர் சாப்பாடு என்று மென்னியைப் பிடிக்கும் தொழிலில் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் புதிதாக எழுதுகிறவர்களைத் தேடிப் பிடித்தார்கள். ஒரு நடிகரின் பன்முகத் திறமை வெளியே தெரிய, அவருக்குப் பல விதமான எழுத்து கிடைக்க வேண்டுமே! சண்முகத்துக்கு அது தானாகக் கிடைக்கவில்லை, சகோதரர்கள் ஏற்பாடு செய்துகொண்டார்கள்.

ஈரோடு மாநாடு என்று சொல்கிறார்களே, அது என்ன?

1944 பிப்ரவரியில் ஈரோட்டில் டி.கே.எஸ். சகோதரர்கள் கூட்டிய தமிழ் நாடகக் கலை மாநாடு. 'கூத்தாடி' என்று இழித்துப் பேசப்பட்டவர்கள் தங்கள் கலையைப் பற்றித் தாங்களே மேடை போட்டுப் பேசியது அன்றைக்குப் பெரிய விஷயம். அண்ணாவும் வந்து பேசினார். காங்கிரஸ் பற்றுள்ள நாடகக்காரர்கள் கூட்டிய கூட்டத்தில் திராவிட இயக்கத்துப் பேச்சாளர். நாடகம் என்ற பந்தலுக்குள் எல்லோருக்கும் இடம் இருந்திருக்கிறது.

அவருடைய அரசியல் என்ன?

காந்தி பக்தியில் வளர்ந்தவர். பிறகு ம.பொ. சிவஞானத்தின் தமிழரசுக் கழகத்தில் ஈடுபட்டார். தமிழ் பேசும் பகுதிகள் தமிழகத்தோடு சேர வேண்டும் என்ற எல்லைப் போராட்டக் காலம் அது. திருவனந்தபுரத்தில் பிறந்த தமிழருக்கு அது ஏட்டுப் பிரச்சினையாக இருந்திருக்காது. பிற்காலத்தில் மேலவை உறுப்பினராகவும் இருந்தார்.

சினிமாவில் ஏன் பெரிய நட்சத்திரம் ஆகவில்லை?

வாய்ப்பு இல்லாமல் இல்லை. 1935-லேயே மேனகா படம் வந்துவிட்டது, ராஜா சாண்டோ இயக்கத்தில். புராணப் படங்களே வந்துகொண்டிருந்த நேரத்தில் துணிந்து எடுத்த சமூகப் படம். டி.கே.எஸ். குழுவே அதில் நடித்தது. அதற்குப் பிறகும் அவ்வப்போது படங்கள் உண்டு. ஆனால் படம் முடிந்ததும் மேடைக்குத் திரும்பிவிடுவார்கள்.

என்.எஸ்.கே. போல, சின்னப்பா போல சினிமாவிலேயே தங்கியிருந்தால் என்ன ஆகியிருப்பார் என்பது வீண் கேள்வி. ஒரு கம்பெனியை நம்பி அத்தனை குடும்பங்கள் இருக்கும்போது, தலைமை நடிகர் மட்டும் கோடம்பாக்கத்தில் வீடு பார்த்துக்கொண்டு போய்விட முடியாது. அது ஒன்று. இன்னொன்று, அவருடைய நடிப்பு முறையே கூட்டத்தின் மூச்சைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தது. கேமராவுக்கு மூச்சு கிடையாது.

என்ன விருதுகள் பெற்றார்?

1971-ல் பத்மஸ்ரீ. 'முத்தமிழ்க் கலா வித்துவ ரத்தினம்' என்ற பட்டமும் உண்டு, பெயருக்கு முன்னால் நாடக நோட்டீஸ்களில் நீளமாகப் போடுவார்கள். ஜனங்கள் கொடுத்த மூன்றெழுத்துப் பட்டம்தான் நின்றது.

கமல்ஹாசனுக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

களத்தூர் கண்ணம்மாவுக்குப் பிறகு, சிறுவன் கமல் டி.கே.எஸ். நாடகக் குழுவில் சேர்ந்து பயின்றார். சண்முகத்தைத் தன் குரு என்று பல இடங்களில் சொல்லியிருக்கிறார். 1996-ல் ஒரு ஆண் வயதான மாமியாக வேடம் போடும் கதையை எடுத்தபோது தலைப்பு அவ்வை சண்முகி ஆனது. பெயர் தெரியாமல் பார்த்தவர்களுக்கு அது வெறும் வேடிக்கைத் தலைப்பு, தெரிந்தவர்களுக்கு வணக்கம். 1918-ல் சங்கரதாஸ் சுவாமிகள் கையிலிருந்து தொடங்கிய பயிற்சி ஒன்று, சண்முகம் வழியாகக் கமல் வரைக்கும் வந்து சேர்ந்தது.

அவர் எழுதிய புத்தகங்கள் கிடைக்குமா?

கிடைக்கும். 'எனது நாடக வாழ்க்கை' தான் முக்கியமானது, 1972-ல் வந்தது. அவருடைய எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் இணையத்திலும் படிக்கலாம். இந்தப் பக்கத்தில் எதைப் படிக்காவிட்டாலும் அதைப் படியுங்கள். தன் சுயபுராணமாக எழுதாமல், கூட நடித்தவர்கள், வாத்தியார்கள், சீன் வரைந்தவர்கள், வசூல் விழுந்த ஊர்கள், பட்ட கடன்கள் என்று எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார். 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதித் தமிழ் நாடகத்தைப் பற்றி எழுதும் எவரும் அந்தப் புத்தகத்தைத் தொடாமல் எழுத முடியாது. சுவாமிகளைப் பற்றித் 'தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர்' என்று தனியாக ஒரு நூலும் எழுதியிருக்கிறார்.

ஒரு எச்சரிக்கை. நடிகர் எழுதிய நினைவுகள் அல்லவா, சில இடங்களில் எல்லோரும் நல்லவர்களாகவே வருவார்கள். சண்டைகளை மென்மையாகச் சொல்லிக் கடந்துவிடுவார். வரிகளுக்கு நடுவிலும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அவர் நடிப்பை இன்று பார்க்க வழி இருக்கிறதா?

மேடை நடிப்பு அன்றன்றைக்கு முடிந்துபோவது. சினிமாவில் பார்க்க வேண்டுமானால் 1961-ல் பி.ஆர். பந்துலு இயக்கிய கப்பலோட்டிய தமிழன். அதில் சிவாஜி வ.உ.சி., எஸ்.வி. சுப்பையா பாரதியார், சண்முகம் சுப்பிரமணிய சிவா. முதல் பாதியில் சிவாவின் மேடைப்பேச்சைக் கேளுங்கள். மைக் இல்லாத கொட்டகையில் வளர்ந்த தொண்டை என்றால் என்ன என்று தெரியும். அப்புறம் சிறை, தொழுநோய். சிறையிலிருந்து வெளியே வரும் வ.உ.சி.யை வரவேற்கக் கூட்டம் இல்லை. நோயில் உருக்குலைந்த சிவா நிற்கிறார். சிவாஜியும் ஒரு பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர்தான். சின்ன வயதில் வீட்டைப் பிரிந்து மேடைக்கு வந்த இரண்டு பேர், வசனத்தைக் குறைத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்த்து நிற்கும் அந்தச் சில நிமிடங்களில் சண்முகத்தின் முதுகையும் கைகளையும் கவனியுங்கள்.